வாகனம் நிக்காத றோட்டில ஒரு சாப்பாட்டுக் கடை

மாங்குளத்தில எங்கட படலையில நிண்டு கூப்பிட்டாக் கேக்கிற தூரத்தில ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு. பேர் போடேல்லை, கடைக்கார அண்ணைக்கு அது விருப்பமில்லை, ஊர்ச் சனத்துக்குப் பேர் சொல்லாமலே விளங்கும். தகப்பன் தொடங்கினது, இப்ப மகன் நடத்துறார், அவருக்கே அறுபது தாண்டிட்டுது. கொஞ்ச நாளா அங்க இரவுச் சாப்பாடு இல்லை. பின்னேரம் ஆறு ஆறரைக்கு கண்ணாடிப் பெட்டிக்குள்ள மிஞ்சிக் கிடக்கிற வடையைப் பேப்பரில சுத்தி ஆருக்கும் குடுத்திட்டு, வாங்கை எடுத்து உள்ள வச்சிட்டு, கதவை இழுத்துப் பூட்டிப்போடுவினம். முந்தி அந்த நேரத்திலதான் கொத்துச் சத்தமே தொடங்கும், எங்கட வீட்டு விறாந்தையில இருந்தாக் கேக்கும்.

ஊருக்குள்ள ஆளுக்கொரு காரணம் சொல்லுகினம். கைருசி போட்டுதாம், மகனுக்குத் தகப்பன்ட பொறுப்பு இல்லையாம், அங்கால புதுசா வந்த கண்ணாடி போட்ட கடைக்குச் சனம் போகுதாம். நான் சின்னனில என்ர அப்பான்ர சைக்கிள் பாரில இருந்து போய்ச் சாப்பிட்ட கடை அது, இண்டைக்கும் அந்தச் சொதியில ஒரு மாற்றமும் இல்லை, அதே தடிப்பு, அதே வெந்தய வாசம். அதால இந்தக் கதையளக் கேக்கேக்க எனக்குக் கோவம் வரும். வன்னியில ஒரு சாப்பாட்டுக் கடை ஏறுறதும் விழுறதும் சமைக்கிறவரின்ர கையில பாதிகூட இல்லை. றோட்டு திறந்திருக்கோ பூட்டிக் கிடக்கோ, வாற வாகனம் நிக்குதோ நிக்காமல் போகுதோ, சுத்தியிருக்கிற வயல் விளைஞ்சுதோ இல்லையோ, இதுகள்தான் கடையின்ர தலைவிதி. அதைக் கொஞ்சம் விளக்கமா எழுதிப் பாப்பம் எண்டுதான் இது.

மாங்குளம் எப்பிடிப்பட்ட இடம் எண்டு தெரியாதவைக்கு ஒருக்காச் சொல்லிவிடுறன். கண்டியில தொடங்கி யாழ்ப்பாணத்தில முடியிற ஏ9 றோட்டு மொத்தம் 321 கிலோமீற்றர், அதில வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில நாங்கள். இங்க இருந்து கிழக்க ஏ34 பிரிஞ்சு ஒட்டுசுட்டான், முள்ளியவளை தாண்டி முல்லைத்தீவுக் கடலில போய் முடியும், மேற்க போனா துணுக்காய், மல்லாவி. அப்ப இது ஆக்கள் பஸ் மாறுற இடம். பஸ் மாறுறது எண்டா காத்து நிக்கிறது, காத்து நிக்கிறது எண்டா ஒரு தேத்தண்ணி, ஒரு வாய்ப்பன். தகப்பன் கடை போட்ட காலத்தில அவருக்கு இருந்த முதல் இந்தக் காத்து நிக்கிற நேரம்தான், வேற ஒண்டும் இல்லை. லொறிக்காரர் தெற்கால இருந்து சாமான் ஏத்திக்கொண்டு வந்து இங்க நிப்பாட்டி முகம் கழுவிச் சாப்பிட்டுத்தான் வடக்க போவினம், றெயினால இறங்கிற சனமும் முல்லைத்தீவு பஸ் வருமட்டும் கடை வாங்கிலதான் இருக்கும்.

1990 இல சண்டை திரும்பத் தொடங்கி றோட்டு அடைபட்டுது, அந்த வருசம் கார்த்திகையில மாங்குளம் ஆமிக் காம்பும் விழுந்துது. போக்குவரத்தை நம்பின கடை அதோட செத்துப்போயிருக்கோணும் எண்டு நினைப்பீங்கள். சாகேல்லை. பொருளாதாரத் தடை எண்டு பெற்றோல், மண்ணெண்ணெய், பசளை, சவர்க்காரம், பற்றறி எண்டு எல்லாத்துக்கும் கட்டுப்பாடு வந்துது, சீனி விலை ஏறினா கோப்பைக்குப் பக்கத்தில ஒரு துண்டுப் பனங்கட்டி வச்சுக் குடுப்பார், அதைக் கடிச்சுக் கடிச்சுக் குடிக்கோணும். கோதுமை மா வராட்டி ரொட்டி இல்லை, அரிசிமாப் புட்டும் இடியப்பமும் மட்டும். அடுப்பு எண்டைக்கும் விறகுதான், வன்னியில பாலை விறகுக்கு என்ன பஞ்சம். வெளியில இருந்து வாற சாமானில அந்தக் கடை குறைவாத் தங்கியிருந்ததாலதான் தப்பினது. இதை ஞாபகத்தில வச்சுக்கொள்ளுங்கோ, பிறகு 2022 க்கு வரேக்க தேவைப்படும்.

1995 ஐப்பசி 30 யாழ்ப்பாணத்து வலிகாமம் சனம் ஒரே இரவில வெளிக்கிட்டதும், பிறகு 96 இல அதில கனபேர் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்குள்ள வந்ததும் எல்லாருக்கும் தெரியும். ஒரு சாப்பாட்டுக் கடையின்ர கண்ணால அதைப் பாத்தா அது அடுப்பில்லாத சனம். மரத்துக்குக் கீழயும் பள்ளிக்கூடத்திலயும் இருக்கிற குடும்பம் எங்க சமைக்கிறது, கைக்குழந்தைக்குச் சுடுதண்ணி எங்க எடுக்கிறது. அந்த மாசங்களில கடை இரவு பகல் பூட்டேல்லை எண்டு அண்ணை சொல்லுவார், இடியப்பம் அவிச்சு அவிச்சு தாயின்ர கைமணிக்கட்டு வீங்கிப்போச்சாம், சுடுதண்ணிக்கு மட்டும் தகப்பன் ஒருத்தரிட்டயும் காசு வாங்கேல்லை. வியாபாரம் எண்டு பாத்தா அது நல்ல காலம், ஆனா அந்த வீட்டில ஒருத்தரும் அதை நல்ல காலம் எண்டு சொல்லி நான் கேக்கேல்லை.

97 வைகாசியில ஜயசிக்குறு எண்ட படை நடவடிக்கை தொடங்கி ஆமி வவுனியாவில இருந்து ஏ9 வழியா மேல ஏறி வர, கடையைக் கழட்டி ட்ரக்டரில ஏத்தினவை. ரொட்டிக் கல்லு, இடியப்ப உரல், ரெண்டு வாங்கு, சருவம் சட்டி, கண்ணாடிப் பெட்டி. போனது மல்லாவிக்கு. அந்த நேரம் கிளிநொச்சியும் ஆமியின்ர கையில, ஆஸ்பத்திரி, கந்தோர், கடையள் எல்லாம் மல்லாவிப் பக்கம் குவிஞ்சு அது ஒரு பட்டினம் மாதிரி ஆகிட்டுது. கடை சனத்துக்குப் பின்னால போகோணும் எண்டு தகப்பன் சொல்லுறதாம், இடத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா ஈ தான் ஓட்டலாம். 99 கடைசியில மாங்குளம் ஆமியிட்ட இருந்து திரும்பப் பிடிபட்ட பிறகு காடு வெட்டி, கண்ணிவெடி பாத்து, பழைய அத்திவாரத்துக்கு மேலயே திரும்பக் கொட்டில் போட்டினம்.

இப்ப 2002. அந்த வருசம் மாசி 22 யுத்த நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, சித்திரை 8 ஏ9 திறந்தது. எனக்கு அப்ப இருபத்தைஞ்சு வயசு, காலமை கடைக்கு முன்னால வரிசையா நிண்ட வாகனங்கள் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. கொழும்பு வான், வெளிநாட்டில இருந்து வந்த ஆக்கள், பன்ரண்டு வருசமாப் பாக்காத தாயைப் பாக்கப் போற மகன்மார். ஒம்பது மணிக்கெல்லாம் இடியப்பம் முடிஞ்சிடும், பத்து மணிக்கு பாண் முடிஞ்சிடும், பிறகு தேத்தண்ணி மட்டும் ஓடும். ஏன் இவ்வளவு சனம் நிண்டது எண்டு யோசிச்சா காரணம் ருசி இல்லை. றோட்டு முழுக்கக் குண்டும் குழியும், வவுனியாவில இருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு பகல் கழிஞ்சிடும். ஓமந்தையில ஆமிப் பக்கமும் புலிகளின்ர பக்கமும் இறங்கி ஏறோணும், முகமாலையிலயும் அப்பிடித்தான், சாமான் எல்லாத்தையும் இறக்கிக் காட்டோணும், வரி கட்டோணும். முதுகு முறிஞ்சு, புழுதி குடிச்சு, ஓமந்தை தாண்டி வந்தவைக்கு மாங்குளம்தான் மூச்சு விடுற இடம். றோட்டு கெட்டுக் கிடந்ததாலதான் கடை நல்லா ஓடினது, இதைச் சொல்ல ஒரு மாதிரித்தான் இருக்கு, ஆனா உண்மை அதுதான்.

2004 மார்கழி சுனாமி முல்லைத்தீவை அழிச்ச பிறகு என்ஜிஓ வாகனங்கள் வரிசையா ஏ34 ஆல போகும் வரும், எல்லாம் எங்கட சந்தியில திரும்போணும். கிளிநொச்சியில பாண்டியன் சுவையூற்று மாதிரி பெரிய இடங்கள் அப்ப பேரோட இருந்தது, அங்க போக வசதி உள்ளவை அங்க போவினம், ஆனா ட்ரைவர்மாரும் கூலிக்கு வேலை செய்யிற பெடியளும் எங்கட கடைக்குத்தான் வருவினம். அண்ணை கலியாணம் கட்டினது, சீமெந்து நிலம் போட்டது, ஓடு போட்டது எல்லாம் அந்த நாலு வருசத்துக்குள்ள. 2006 ஆவணி 11 முகமாலை பூட்டினதோட அது முடிஞ்சுது. 2008 புரட்டாதியில என்ஜிஓக்களை வெளியில போகச் சொன்னாங்கள், கார்த்திகையில மாங்குளம் ஆமியிட்டப் போச்சு. கடை திரும்ப ட்ரக்டரில ஏறினது, பிறகு ட்ரக்டரும் இல்லை, ரொட்டிக் கல்லு புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வளவில தாட்டது தாட்டபடி. பிறகு நடந்ததை நான் இங்க எழுதேல்லை, அது ஒரு கடையின்ர கதைக்குள்ள அடங்காது. தகப்பன் திரும்பி வரேல்லை.

செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில இருந்து அண்ணை குடும்பம் 2010 இல வந்து தகரக் கொட்டில் போட்டுத் தொடங்கினது. அந்த ரெண்டு மூண்டு வருசம் தெற்கால இருந்து பஸ் பஸ்ஸா சிங்களச் சனம் நயினாதீவுக்கும், சண்டை நடந்த இடங்களைப் பாக்கவும் வந்தது, றோட்டு நிறைய வாகனம். எங்கட ஆக்களுக்கு இது பெரிய வாய்ப்பா வந்திருக்கோணும். ஆனா ஆமியே ஏ9 வழி நெடுக தேத்தண்ணிக் கடையும் சாப்பாட்டுக் கடையும் போட்டு நடத்தினது. நிலத்துக்கு வாடகை இல்லை, வேலை செய்யிற ஆளுக்குக் கடைக் காசில சம்பளம் இல்லை, அந்தக் கணக்கோட தகரக் கொட்டில்காரன் எப்பிடிப் போட்டி போடுறது. அதோட இன்னொரு விசயம், இதை ஒருத்தரும் பெரிசாக் கதைக்கிறேல்லை, கக்கூஸ். அம்பது பேர் இருக்கிற பஸ்ஸை ஒரு ட்ரைவர் எங்க நிப்பாட்டுவான்? சாப்பாடு ருசியான இடத்திலயோ? இல்லை, பெண்டுகள் பிள்ளையள் போகக்கூடிய துப்பரவான கக்கூஸும், பஸ் திரும்ப இடமும் இருக்கிற இடத்தில. கூடவே ட்ரைவருக்கும் கொண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா குடுக்கிற இடம். அண்ணையிட்ட பின்வளவில ஒரே ஒரு கக்கூஸ், அதுவும் தண்ணி வாளியில அள்ளி ஊத்திறது. நாலு கக்கூஸ் கட்ட அண்டைக்கு அவருக்கு ஆரும் கடன் குடுத்திருந்தா இண்டைக்கு நான் எழுதுற கட்டுரை வேற மாதிரி இருந்திருக்கும் எண்டு நான் உறுதியா நம்புறன்.

பிறகு றோட்டு தார் போட்டுக் காபற் ஆகினது. வடிவான றோட்டு, நான் குறை சொல்ல வரேல்லை, ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டு போகேக்க அதின்ர அருமை தெரியும். ஆனா ஒரு பகல் எடுத்த வவுனியா யாழ்ப்பாணப் பயணம் ரெண்டரை மூண்டு மணித்தியாலமாச் சுருங்கிப்போச்சு, இடையில நிப்பாட்டத் தேவையில்லை, வவுனியாவில சாப்பிட்டு வெளிக்கிட்டா யாழ்ப்பாணத்தில போய்த்தான் பசிக்கும். 2011 தையில சங்குப்பிட்டிப் பாலம் திறந்து மன்னார் யாழ்ப்பாண வாகனங்கள் பூநகரியால போகத் தொடங்கினது. 2013 புரட்டாதி 14 றெயின் கிளிநொச்சிக்கு வந்துது, 2014 ஐப்பசி 13 யாழ்ப்பாணம் வரை போச்சு. கொழும்பு இரவு பஸ்ஸுகள் விடியப்புறம் மூண்டு நாலு மணிக்கு எங்களைத் தாண்டிப் பறக்கும், உள்ளுக்க எல்லாரும் நித்திரை. ஒரு நாள் காலமை ஏழில இருந்து எட்டு மட்டும் கடை வாங்கில இருந்து நான் சும்மா எண்ணிப் பாத்தன். கார், வான், லொறி, பஸ் எண்டு வடக்க போனது மட்டும் எழுபதுக்கு மேல, கடைக்கு முன்னால நிண்டது மூண்டு, அதில ஒண்டு டயர் பாக்க நிண்டது.

இதே றோட்டில கொஞ்சம் வடக்கால முறிகண்டியைப் பாருங்கோ. எந்த வாகனமா இருந்தாலும், எவ்வளவு அவசரம் எண்டாலும், பிள்ளையாருக்கு முன்னால நிண்டு தேங்காய் உடைச்சு கற்பூரம் கொளுத்தித்தான் போகும். அதால அங்க கச்சான் விக்கிற அம்மாமாரும் தேத்தண்ணிக் கடையளும் றோட்டு காபற் ஆகின பிறகும் தப்பி நிக்குது. அங்க வாகனத்தை நிப்பாட்டுறது பிள்ளையார். எங்கட சந்தியில நிப்பாட்ட ஆர் இருக்கினம்?

சரி, றோட்டு போனா ஊர் இருக்குத்தானே, ஊர்ச் சனத்தை வச்சு ஓட்டலாமே எண்டு கேக்கலாம். இதிலதான் ஆக்கள் கவனிக்காத விசயம் இருக்கு. அண்ணையின்ர லாச்சிக்குள்ள ஒரு சீ.ஆர் கொப்பி இருக்கும், ஓரம் எல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்துப்போய், பேனை நூலில கட்டித் தொங்கும். பேருக்குப் பதிலா "ஒலுமடு ட்ரக்டர்", "வாய்க்கால்கரை மாமா", "அம்பகாமம் ரெண்டாவது" எண்டு எழுதியிருக்கும், அதுக்குக் கீழ "2 பார்சல் 1 மீன் 3 தேத்தண்ணி" எண்டு வரி வரியாப் போகும். ஐப்பசியில தொடங்கிற பக்கம் மாசி பங்குனியில ஒரு பெரிய கோட்டோட முடியும். காலபோகம் விதைச்சு வெட்டுமட்டும் வயல்காரன்ட கையில காசு இல்லை, இருக்கிறதும் பசளைக்கும் மருந்துக்கும் உழவுக்கும் போயிடும். அந்த நாலு அஞ்சு மாசம் அவரையும் அவற்ர கூலியாக்களையும் சாப்பாடு போட்டுக் காப்பாத்துறது இந்தக் கொப்பி, வட்டி இல்லை, கையெழுத்து இல்லை, பிணை இல்லை. நெல்லு வித்த அண்டைக்கு முதல் வந்து கொப்பிக் கணக்கை முடிச்சிட்டுத்தான் மற்ற வேலை பாப்பினம், அப்பிடி ஒரு மரியாதை அந்தக் கொப்பிக்கு.

ஆனா அண்ணைக்கு வவுனியா மொத்த வியாபாரியிட்ட ஒரு கிழமைக் கடன்தான், மிஞ்சிப்போனா ரெண்டு கிழமை. மாவும் சீனியும் பருப்பும் எடுத்தா அடுத்த லொறிக்கு முதல் காசு போகோணும். வாங்கிறது ஒரு கிழமைக் கடனுக்கு, குடுக்கிறது அஞ்சு மாசக் கடனுக்கு. இந்த இடைவெளியை எது நிரப்பினது? றோட்டால வந்து நிண்டு கைக்காசு குடுத்துச் சாப்பிட்டுப் போன ஆக்கள். லொறிக்காரன்ட காசுதான் ஒலுமடுவில நெல்லு விளையுமட்டும் சோறு போட்டது. வாகனம் நிக்காமல் விட்டதும் கடைக்கு வருமானம் மட்டும் குறையேல்லை, ஊருக்குக் கடன் குடுக்கிற பலமும் குறைஞ்சுபோச்சு. கடன் குறைய வயல்காரர் வாறது குறைஞ்சுது, அவை வராததால சோத்துப் பானை சின்னனாச்சு.

வயல் பக்கமும் மாறிட்டுது எண்டதையும் சொல்லோணும். முந்தி வெட்டுக்கு முப்பது நாப்பது பேர் இறங்குவினம், காலமைப் பார்சல், பத்து மணித் தேத்தண்ணி வடை, மத்தியானச் சோறு எண்டு சைக்கிள் கரியரில பெட்டி கட்டிக்கொண்டு போவினம். இப்ப வெட்டு மெசின் ஒண்டு வந்து பின்னேரத்துக்குள்ள வயலை முடிச்சுப்போட்டுப் போகுது, ட்ரைவரும் உதவியாளும், ரெண்டு பார்சல்.

இந்த நிலைமையில இருக்கேக்கதான் 2020 பங்குனியில கொரோனா ஊரடங்கு, அதுக்குப் பிறகு 2021 வைகாசியில செயற்கைப் பசளைத் தடை. கார்த்திகையில தடையை எடுத்தவை, ஆனா அதுக்குள்ள காலபோகம் விதைச்சு முடிஞ்சுது. 2022 மாசி பங்குனியில வெட்டேக்க நெல்லு வழமையில வாறதில பாதியும் வரேல்லை எண்டு எங்கட பக்கத்தில கனபேர் அழுதவை. அந்த வருசம் கொப்பியில கோடு விழேல்லை. அண்ணை எனக்குப் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினவர், ஒண்டில பாதிக் கணக்கு, ஒண்டில கால், பல பக்கம் அப்பிடியே கிடந்துது. "தம்பி, இவை ஏமாத்திற ஆக்கள் இல்லை, இவையிட்ட இல்லை, நான் போய் எப்பிடிக் கேக்கிறது" எண்டு சொல்லிப்போட்டு கொப்பியை மூடி லாச்சிக்குள்ள வச்சிட்டார்.

அதே நேரம்தான் காஸ். 2014 க்குப் பிறகு அவரும் விறகை விட்டுக் காஸுக்கு மாறியிருந்தவர், காடு வெட்ட ஏலாது, விறகு விலை, புகை, வேலைக்கு நிக்கிற பெடியள் புகைக்குள்ள நிக்க மாட்டினம். 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஐப்பசி மட்டும் 1,493 ரூபா, அந்த மாசமே 2,675, 2022 சித்திரையில 4,860. அரை வருசத்தில மூண்டு மடங்குக்கு மேல. விலையைக் குடுத்தாலும் சாமான் இல்லை, இடையில சிலிண்டர் கலவை மாறி வீடுகளில வெடிச்ச பயம் வேற. 400 கிராம் பால்மாப் பக்கற் 790 ரூபாவுக்குப் போக பால்தேத்தண்ணி 100 ரூபா ஆகினது, ஒரு கூலியாள் பால்தேத்தண்ணியை மறந்துபோனது அண்டைக்குத்தான். ஆவணியில மண்ணெண்ணெய் லீற்றர் 87 இல இருந்து 340 க்கு ஏற முல்லைத்தீவுக் கடலுக்குப் படகு இறங்கிறது குறைஞ்சு கடல்மீன் பார்சல் நிண்டுபோச்சு, முத்தையன்கட்டுக் குளத்து ஜப்பான் மீனை (திலாப்பியா) வச்சுத்தான் சமாளிச்சவர். புரட்டாதியில கொழும்பில சாப்பாட்டுச் சாமான் விலை போன வருசத்தைவிட 94.9 வீதம் கூடியிருக்கு எண்டு அரசாங்கக் கணக்கே சொன்னது.

90 களில முழுத் தடைக்குள்ளயும் தப்பின கடை 2022 இல ஏன் இப்பிடி ஆடிப்போச்சு எண்டு நான் கனக்க யோசிச்சனான். அண்டைக்கு அடுப்பு விறகு, இனிப்பு பனங்கட்டி, அரிசி பக்கத்து வயல், மீன் பக்கத்துக் குளம், தேங்காய் வளவுக்குள்ள. இடையில வந்த நல்ல வருசங்களில கடை கொஞ்சம் கொஞ்சமாக் காஸுக்கும் கோதுமை மாவுக்கும் பால்மாவுக்கும் மாறிட்டுது, எல்லாம் டொலரில வாற சாமான். கொத்தும் பரோட்டாவும் காசு கூட வாற சாப்பாடு எண்டு அதை நம்பிப் போனது பிழை எண்டு சொல்ல ஏலாது, பெடியள் அதைத்தான் கேட்டவை. ஆனா டொலர் 200 இல இருந்து 360 க்குப் போகேக்க அந்த அடி முழுக்க இரவுச் சாப்பாட்டிலதான் விழுந்துது. கொத்துக்குப் பெரிய நெருப்பு வேணும், மா வேணும், முட்டை வேணும், இறைச்சி வேணும். கொத்துப் போடுற தம்பியும் வளைகுடாவுக்குப் போட்டார், இரவில கொத்துச் சாப்பிட்ட பெடியளில பாதிப்பேர் இப்ப வெளிநாட்டில, பெட்டையள் விடிய கார்மென்ட் பஸ்ஸில போய் இருட்டினாப் பிறகு வருகினம், அவைக்குக் கடையில நிக்க நேரம் இல்லை.

அண்ணை அந்த வருசமே பின்பக்கம் திரும்ப விறகடுப்புக் கட்டிட்டார். களிமண்ணும் பழைய செங்கலும், மூண்டு வாய். புகைபோக்கிக்குத் தகரத்தைச் சுருட்டி வச்சிருக்கிறார். மருமகள்தான் இப்ப சமையலில முழுக்க நிக்கிறது, அந்தப் பிள்ளை வந்த பிறகு வீட்டு விசேசங்களுக்கு ஓடர் எடுக்கத் தொடங்கினவை, செத்த வீட்டு எட்டு, அந்தியேட்டி, பிறந்தநாள் எண்டு அதால ஒரு நிரந்தரக் காசு வருது. கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் அம்மாச்சி உணவகம் எண்டு விவசாயத் திணைக்களத்தின்ர இடத்தில பொம்பிளையள் சேர்ந்து நடத்துறது நல்லாப் போகுது, ஒடியல் கூழ், குரக்கன் புட்டு, தோசை எண்டு கண்ணுக்கு முன்னால சுடச்சுடச் செய்து குறைஞ்ச விலைக்குக் குடுக்கினம், எனக்கும் சந்தோசம், ஆனா அங்க கட்டடமும் இடமும் அரசாங்கம் குடுத்தது, தனியாளுக்கு அது இல்லை எண்டதை ஒப்பிடுற ஆக்கள் மறக்கக் கூடாது. 2024 கடைசியில தேங்காய் 200 ரூபாவைத் தொட்டுது. ஒரு நாளைக்குச் சம்பலுக்கும் சொதிக்கும் கறிக்கும் இருவது தேங்காய் வேணும், அப்ப தேங்காய்க்கு மட்டும் நாலாயிரம். சொதியைத் தண்ணியாக்கச் சொல்லி ஆரோ யோசினை சொல்ல, மருமகள் "அப்ப நாங்கள் கடையைப் பூட்டிறதுதான் நல்லம் மாமா" எண்டு சொன்னதா அண்ணை எனக்குச் சொன்னவர், சொல்லேக்க முகத்தில ஒரு பெருமை.

இவ்வளவுக்கும் பிறகும் கடை காலமையில நிறையுது, அதைப் பாக்கத்தான் நான் விடியவே போய் நிண்டனான். நாலரைக்கு அடுப்பு மூட்டினவை. அஞ்சரைக்கு இருட்டுக்குள்ள முதல் ஆள். ஆறேகாலில இருந்து வவுனியாப் பக்கமும் யாழ்ப்பாணப் பக்கமும் இருந்து வாற பஸ்ஸுகளில ரீச்சர்மார், கந்தோர்க்காரர், ஆஸ்பத்திரி நேர்ஸ்மார் எண்டு இறங்கினவை, எல்லாரும் முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கம் வேலை செய்யிற ஆக்கள், வீட்டில இருந்து அஞ்சு மணிக்கே வெளிக்கிட்டவை. அடுத்த பஸ் வர இருவது நிமிசம் அரை மணித்தியாலம் இருக்கு. ஒரு ரீச்சர் கைப்பையை வாங்கில வச்சிட்டு எழும்பாமலே "அண்ணா, வழமையானது" எண்டா, அஞ்சு இடியப்பம், சம்பல், சொதி தனிப் பையில, மத்தியானத்துக்கு ஒரு புட்டுப் பார்சல். ஏழரை மட்டும் மருமகளுக்கு நிமிர நேரம் இல்லை. 2022 ஆனியில டீசல் இல்லாமல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த கிழமைகளில இந்த வாங்கும் வெறுமையாக் கிடந்ததாம், அண்டைக்குத்தான் உண்மையாப் பயந்தவை எண்டு அண்ணை சொன்னவர்.

பின்னேரம் திரும்பி வரேக்க அவை நிக்கிறேல்லை. அஞ்சு மணிக்கு முல்லைத்தீவு பஸ் வந்து நிண்டதும் இறங்கி ஓடிப்போய் எதிர்ப்பக்க பஸ்ஸில ஏறிவிடுவினம், வீட்டில பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்கும். ஓடுற ஓட்டத்தில ரெண்டு மூண்டு பேர் வடை வாங்குவினம், அதுவும் காசைக் கையில சரியாப் பிடிச்சுக்கொண்டு. ஆறு மணிக்குப் பிறகு சந்தியில பஸ்ஸுக்குக் காத்து நிக்கிற ஆளே இல்லை. அண்ணை வாங்கை உள்ள எடுத்து வச்சிட்டு, நாளைக்கு இடியப்பத்துக்கு மா வறுக்க அடுப்பில ஒரு கட்டையை மட்டும் விட்டுவைக்கிறார்.